மைக்கில் சொன்ன கணக்கு

கோவில்பட்டி,
2.12.1997.

என் பேரன் சோலைராஜுக்கு ஆச்சி செண்பகவல்லி ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

உடம்பளவில் இங்கே எல்லோரும் சுகம்தான். மனசளவில் யாரும் சுகமில்லை. நாக்பூரில் குளிர் எப்படி, ரொட்டி உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று உன் அம்மா இசக்கிச்செல்வி தினமும் என்னிடம்தான் கேட்கிறாள். அவள் முன்னால் தைரியமாக இருக்கிற மாதிரி நடப்பதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது.

இந்த வருஷம் அடைமழை விட்டபாடில்லை. கரிசல் எல்லாம் களியாகக் கிடக்கிறது. ஓட்டப்பிடாரத்துப் பக்கம் உளுந்து நின்ற நிலையில் அழுகிவிட்டதாம். நம் தீப்பெட்டி யூனிட்டில் மருந்து முக்கின குச்சி காயவே மாட்டேன் என்கிறது. பாதி நாள் வேலை இல்லை. வேலை நின்ற வீட்டில் எல்லாச் சத்தமும் பெரிதாகக் கேட்கிறது. வாசலில் ஒரு வண்டி வந்து நின்றால் போதும், உன் அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறான்.

வருமான வரி ஆபீஸர் வேலைக்குப் படிக்கிற நீ, உன் பாடத்தை எனக்கும் எழுதி அனுப்பினாயே, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அரசாங்கத்துக்கு நூறு ரூபாய் வருகிறது என்றால், சம்பாதிக்கிறவன் தன் வருமானத்திலும் லாபத்திலும் கட்டுகிற வரி அதில் கால்வாசிப் பக்கம்தான், மிச்சத்தில் பெரும்பகுதி சாமான்கள் மேல் விழுகிற வரி, அதை வாங்குகிற ஏழையும் கட்டுகிறான், சில தேசங்களில் சம்பாதிக்கிறவனே பாதிக்கு மேல் கட்டிவிடுகிறான் என்று எழுதியிருந்தாய். நன்றாக விளங்கியது. என்னை அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்களே தவிர, அந்த வகுப்பில் கணக்கில் என்னை ஜெயித்தவர் கிடையாது.

பெட்டி ஒட்டுகிற மாரித்தாய்க்கும் படித்துக் காட்டினேன். அவள், "அப்போ தீப்பெட்டி வாங்குத நான் வரி கெட்டுதேன், விக்குத உங்க மகன் கெட்டலையா ஆச்சி? நான் ஒட்டின பெட்டிக்கு நானே வரி! எங்க முதலாளியவிட நான்தான் பெரிய ஆளு போலிருக்கே" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் அப்பாவுக்கு நீ எழுதிய கடிதத்தை அவன் எனக்குக் காட்டவில்லை. வாசித்த வேகத்தில் கிழித்துப் போட்டான். ஆனால் அதில் என்ன இருந்தது என்பதை அவன் கத்தின கத்தலிலேயே தெரிந்துகொண்டேன். மறைத்த வருமானத்தைத் தானாக முன்வந்து சொல்லி, நூற்றுக்கு முப்பது கட்டிவிட்டால் பழையதைத் தோண்ட மாட்டார்கள், இந்த மாசம் முப்பத்தொன்றாம் தேதியோடு அந்தக் கதவு அடைபடும், அதற்கு முன்னால் ரெய்டு வந்துவிட்டால் அப்போதே அடைபடும் என்று எழுதியிருக்கிறாய். "பெத்த தகப்பனுக்கு நோட்டீஸ் அனுப்புதான்" என்று உன் அப்பா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

நடந்ததை இனிமேல் சொல்கிறேன். போன வாரம் இரண்டு பேர் வந்தார்கள். தீப்பெட்டி பண்டல் வாங்க வந்த வடநாட்டு வியாபாரிகளின் ஆட்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். இந்தச் சகதியில் நம் ஊர்க்காரன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடப்பான். இவர்கள் ஷூவோடு வந்து, காலுக்கு இரண்டு சேர் கரிசலை அப்பிக்கொண்டு நின்றார்கள். பண்டல் என்ன விலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாவது யூனிட் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார்கள். பின்வாசலை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார்கள்.

அந்த யூனிட் என் பேரில் இருக்கிறது. பெரிய யூனிட்டுக்கு வரி கூடுதல் என்று உன் அப்பா ஒன்றை மூன்றாக்கி, ஒன்றைத் தன் பேரிலும் ஒன்றை உன் அம்மா பேரிலும் ஒன்றை என் பேரிலும் வைத்திருப்பது உனக்குத் தெரிந்ததுதான். மூன்றிலும் பாதிச் சரக்கு கணக்கில் ஏறாமல் பின்வாசல் வழியாகப் போகிறது. அந்தப் பின்வாசல் வீட்டாளுக்கும் வேலைக்காரருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அதனால்தான் உன் அப்பா என்னைப் பார்த்து, "உங்க பேரன்தான் சொல்லிவிட்டிருப்பான். வேற யாரு இருக்கா?" என்று சொன்னான்.

சோலைராஜ், நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த வரியில் ஒன்று எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்து அதைப் படிக்க முயற்சி பண்ணாதே.

சாத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ரெய்டு வந்தபோது தலையணையைக் கிழித்தார்களாம், அரிசிக் குலுக்கைக்குள் கையை விட்டார்களாம், அந்த வீட்டுக்காரரை இரண்டு நாள் வெளியே விடவில்லையாம். அவருக்கு உன் அப்பா வயசுதான். ரத்தக்கொதிப்பும் உன் அப்பாவைப் போலத்தான். அதற்கு மேல் எனக்கு நினைக்கத் தைரியம் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. காதில் மப்ளர் கட்டிக்கொள். சீக்கிரம் பதில் போடு.

உன் ஆச்சி,
செண்பகவல்லி.


கோவில்பட்டி,
10.12.1997.

சோலைராஜுக்கு ஆச்சியின் ஆசிகள்.

கடிதம் கிடைத்தது. கம்பளி வாங்கினது சந்தோஷம். மற்றபடி "அப்பா கையெழுத்துப் போட்டாரா?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, இது மகன் கேட்கிற கேள்வியா, ஆபீஸர் கேட்கிற கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நேற்று ஒன்று நடந்தது. அதைக் கேட்டபின், போன கடிதத்தில் நான் அடித்த வரிக்கு நீ என்னை மன்னிக்க வேண்டியிருக்கும்.

நேற்று கார்த்திகைக் கடைசிச் செவ்வாய். நம் அம்மனுக்குப் பொங்கல். மகமை பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, உன் பள்ளிக்கூடமே அந்தப் பணத்தில் நின்றதுதான். ஆனால் உன்னோடு படிக்கிற வடக்கத்திப் பிள்ளைகளுக்கு நீ என்றைக்காவது விளக்கிச் சொல்ல வேண்டி வரும் என்று எழுதுகிறேன். நம் உறவின்முறைச் சங்கத்தில் வியாபாரம் பண்ணுகிற ஒவ்வொருவரும் விற்ற சரக்குக்குப் பண்டலுக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்து வைக்க வேண்டும். யாரும் வந்து சோதிக்க மாட்டார்கள். சோதிக்க வேண்டியதும் இல்லை. அம்மன் பணத்தில் ஒருவன் குறைத்துக் கொடுத்தான் என்று நான் இந்த வயசு வரைக்கும் கேள்விப்பட்டதில்லை. அதிகம் கொடுத்தவர் தலையில்தான் முதல் பரிவட்டம். நாலு வருஷமாக அது உன் அப்பா தலையில்.

பொங்கலுக்கு முந்தின நாள் நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஏலே சங்கரா, இந்த வருஷம் மட்டும் மகமையைக் கொறச்சுக் குடு. இல்லைன்னா குடுக்கதக் குடு, மைக்ல சொல்ல வேண்டாம்னு சொல்லு" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "அம்மனுக்குப் பொய்க் கணக்குச் சொல்லச் சொல்லுதீகளா? நீங்களா சொல்லுதீக?" என்றான். அரசாங்கத்துக்கு வருஷா வருஷம் பாதியை மறைக்கிறவன், அம்மன் பேரில் ஒரு பண்டலை மறைக்கச் சொன்னதற்குக் கண் கலங்கி நிற்கிறான். அவனைத் திட்டுவதா, தடவிக் கொடுப்பதா தெரியவில்லை.

பொங்கல் அன்றைக்குச் சாமிப் பெட்டி வைத்து, குலவை போட்டு, எல்லாம் முறையாக நடந்தது. நம் கணக்குப்பிள்ளை கடற்கரைதான் மைக்கைப் பிடித்தான். மைக்கைக் கண்டால் அவனுக்குக் கால் தரையில் பாவாதே. "அன்பார்ந்த பெரியோர்களே! தாய்மார்களே! இந்த ஆண்டும் மகமையில் முதலிடம் பெற்று, அம்மனின் முதல் பரிவட்டத்தைப் பெறுபவர், நமது அண்ணாச்சி சங்கரபாண்டியன் அவர்கள்!" என்று ஆரம்பித்து, பின்வாசலில் போனதையும் சேர்த்து எத்தனை பண்டலுக்கு எவ்வளவு மகமை என்பதை ரூபாய் பைசா சுத்தமாக இரண்டு தடவை வாசித்தான். தேரடியில் ஒரு குழாய், பஸ் நிறுத்தத்தில் ஒரு குழாய். ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது. கைதட்டலில் கோயிலே அதிர்ந்தது.

நான் கூட்டத்தை விட்டு வெளியே வந்தேன். கடலைமிட்டாய்க் கடையில் அந்த ஷூக்காரர்கள் இரண்டு பேரும் நிற்கிறார்கள். ஒருவர் மிட்டாயைக் கடித்துக்கொண்டே, மகமை என்றால் என்ன என்று கடைக்காரக் கொம்பையாவிடம் கேட்கிறார். கொம்பையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பண்டலுக்கு இம்புட்டுன்னு கணக்கு சார். மகமையில பொய் இருக்காது சார். அது எங்க அண்ணாச்சி சத்தியம் பண்ணின மாதிரி" என்று விளக்குகிறான். அதுவும் போதாது என்று, "வாங்க, யூனிட்டக் காட்டுதேன், பின்வாசல் வழியாப் போனா கிட்ட" என்கிறான். அவர் சிரித்துக்கொண்டே, போன தடவை நீங்கள்தானே வழி சொன்னீர்கள், மறக்கவில்லை என்று சொல்லிவிட்டார். மற்றவர் கையில் மிட்டாய் அப்படியே இருந்தது. அவர் அண்ணாந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நாம்தான் வருஷா வருஷம் மைக் செட் போட்டு, மாலை வாங்கிக்கொண்டு, ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறோம். உள்ளூர்க்காரன் அதை அம்மன் கணக்கு என்று கேட்டான். வெளியூர்க்காரன் அதைக் கணக்கு என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். "உன் மகன் சொல்லலலே. உன் மைக்கு சொல்லிச்சு" என்றேன். அவன் பரிவட்டத்தைக் கழற்றாமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். கிழித்துப் போட்ட உன் கடிதத்தை உன் அம்மா ஒட்டி வைத்திருக்கிறாளா என்று மெதுவாகக் கேட்டான். ஒட்டித்தான் வைத்திருக்கிறாள். வாங்கிப் படித்தான். படித்தும், "பயந்து போய்க் கட்டினான் சங்கரபாண்டியன்னு நாலு பேர் சொல்லுவாக" என்று மடித்து வைத்துவிட்டான்.

எனக்கு முன்னைவிடப் பயம் கூடித்தான் போயிருக்கிறது. முன்னே பயந்தது வருமா வராதா என்று. இப்போது எப்போது என்று மட்டும்தான் பாக்கி.

உன் ஆச்சி,
செண்பகவல்லி.


கோவில்பட்டி,
28.12.1997.

கண்ணே சோலைராஜுக்கு,

ஆசீர்வாதம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் ஒரு பக்கமாக முடிந்திருக்கும். எந்தப் பக்கம் என்று எழுதும்போது எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் யூனிட் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. உன் அம்மா பூஜையறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கடற்கரை எங்கே போனான் என்றே தெரியவில்லை, மைக்கில் அவ்வளவு சத்தமாகப் பேசினவன். நான் உன் அப்பாவைத் தேடிக்கொண்டு போனேன். குச்சி காயப்போடுகிற கொட்டகைக்குப் பின்னால், விறகு அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சின்ன வயசில் அவன் அப்பா அடிக்க வந்தால் அப்படித்தான் ஒளிந்துகொள்வான். வேட்டி எல்லாம் சகதி. ஜீப்பில் வந்தது கரெண்டு ஆபீஸ் ஆட்கள், மீட்டர் பார்க்க. அதைச் சொல்லியும் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. நான் கை கொடுத்துத் தூக்கினேன். மாரித்தாய் பார்த்துவிட்டாள். அவள் ஒன்றும் சிரிக்கவில்லை. முந்தானையால் அவன் முதுகில் ஒட்டின சகதியைத் துடைத்துவிட்டு, "போங்க அண்ணாச்சி, போய்க் காப்பி குடிங்க" என்று மட்டும் சொன்னாள்.

முதல் பரிவட்டம் கட்டின தலை. அதை விறகுக்குப் பின்னால் பார்த்த பிறகு எனக்கு வேறு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை. நேற்று நானே ரிக்‌ஷா பிடித்து ஆடிட்டர் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது யூனிட் முதலாளி நான்தானே. காகிதத்தில் மட்டும் முதலாளி என்று இத்தனை வருஷம் உன் அப்பா காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டவள், இந்த ஒரு தடவை நானாக ஒரு கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னேன். என்ன கணக்கு எழுதலாம் ஆச்சி என்று ஆடிட்டர் தம்பி கேட்டார். மைக்கில் சொன்ன கணக்கை எழுதுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் பிடித்த பிடியில் நின்றேன். பென்சிலில் எழுதிக் கொடுத்தார். மேலே மையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது என் வேலை. வரியைக் கட்ட மூன்று மாசம் தவணை உண்டாம், வட்டி சேரும். என் கழுத்திலும் கையிலும் கிடப்பது எதற்கு?

நாளைக் காலை ரயிலில் மதுரைக்குப் போகிறேன், பெரிய ஆபீஸில் கொடுக்க. உன் அப்பாவிடம் சொல்லவில்லை. ஆடிட்டர் சொல்லிவிடுவாரோ என்று பயம். சொன்னால் தாளைப் பிடுங்கிக் கிழித்துவிடுவான் என்று பயம். சொல்லாமல் போனாலும் நான் மதுரை சேருவதற்குள் அந்த ஷூக்காரர்கள் வந்துவிடுவார்களோ என்று அதைவிடப் பயம். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

29.12.1997, கோவில்பட்டி ரயில்வே ஸ்டேஷன்.

பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், மடியில் பையை வைத்து அதன்மேல் எழுதுகிறேன். வண்டி தாமதம்.

உன் அப்பா வந்துவிட்டான். ஆடிட்டர் சொல்லித்தான் விட்டார். செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்திருக்கிறான். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் பிடுங்கவில்லை. மூச்சு வாங்க நின்று, "ஏம்மா, அந்தத் தாள்ல என்ன கணக்கு எழுதிருக்கீக?" என்று கேட்டான்.

"மைக்ல சொன்ன கணக்கு" என்றேன்.

"அது மூணு யூனிட்டுக்கும் சேத்த கணக்கும்மா. உங்க பேர்ல உள்ளது அதுல ஒரு பங்குதான். தெரியாம எழுதிட்டீக."

"எனக்குக் கணக்குச் சொல்லித் தாரியாலே? தெரிஞ்சுதான் எழுதினேன். கேட்டா என்னையக் கேக்கட்டும். உன் பேரும் வேண்டாம், உன் பொண்டாட்டி பேரும் வேண்டாம். என் பேரன் வேலைக்குப் போற இடத்துல உன் பேரு எந்தத் தாள்லயும் இருக்க வேண்டாம்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, "நாளைக்கு உங்களக் கூப்பிட்டு விசாரிச்சா, நான் எந்த மூஞ்சியோட பரிவட்டம் கட்டுவேன்?" என்றான். கட்டாதே என்றேன். எழுந்து போய்விட்டான். கோபத்தில் வீட்டுக்குப் போகிறானா, என்ன செய்யப் போகிறான் என்று கூட்டத்தில் தெரியவில்லை.

இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறான். ஒரு கையில் இரண்டு டீ. மற்றக் கையில் என்னுடையதைப் போலவே ஒரு மதுரை டிக்கெட்.

ஐயா ராசா, பயம் எனக்கு இன்னும் போகவில்லை. நாங்கள் மதுரை போய்ச் சேருவதற்குள் ரெய்டு ஜீப் நம் வாசலுக்கு வராமல் இருக்க வேண்டும். அங்கே உன் அம்மா தனியாக இருக்கிறாள். கொடுத்த தாளை வாங்கிக்கொள்கிறவர்கள் உன் அப்பாவைக் கேவலமாக ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க வேண்டும். நீ நாளைக்கு இப்படி ஒரு மேஜைக்குப் பின்னால் உட்காரும்போது, எதிரில் வந்து நிற்கிறவனை முதலில் உட்காரச் சொல். அவன் எத்தனை நாள் விறகுக்குப் பின்னால் இருந்துவிட்டு வந்தானோ.

தைப் பொங்கலுக்கு லீவு கிடைக்காது என்று எழுதாதே. வா. வந்ததும் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்காதே. அப்பா என்று கூப்பிடு, அது போதும். அம்மன் உனக்குத் துணை இருப்பாள், அவளிடம் நம் வீட்டுக் கணக்கு சுத்தமாகத்தான் இருக்கிறது.

கைகாட்டி இறங்கிவிட்டது. தாளைத் திருத்த வேண்டும், அவன் பங்கை அவன் பேரில் எழுத வேண்டும் என்று உன் அப்பா பேனாவுக்காகக் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறான். கொடுத்துவிடுகிறேன்.

உன் ஆச்சி,
செண்பகவல்லி.